பாடிக்கொண்டு ஓடுகிறவன்

கடியப்பட்டணம் கரையில் சும்மா ஓடுகிறவன் என்று ஒருவன் கிடையாது. பிள்ளைகள் ஓடும், அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வளர்ந்த ஆள் ஓடினால் அதற்கு இரண்டே காரணம்தான். ஆறு கடலில் விழுகிற பொழிமுகத்தில் வள்ளம் கவிழ்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கடல் ஊருக்குள் வரவேண்டும். சுனாமி வந்துபோய் எட்டரை வருஷம் ஆகியும் அந்தப் பயம் யாருக்கும் விட்டபாடில்லை.

இது பெனினுக்குத் தெரியாத விஷயமில்லை. அங்கேயே பிறந்து, இருபத்தொன்பது வயது வரை அந்த ஊர் மீனைத் தின்று, நூற்று நாலு கிலோவுக்கு வளர்ந்தவன். ஆனால் நாகர்கோவிலில் புது ஷூ வாங்கின மனுஷனுக்குச் சில நேரம் பழைய புத்தி வேலை செய்யாது.

ஜூலை இரண்டாவது வாரம், காலை ஐந்தே முக்கால் மணி. கோயில் முற்றத்திலிருந்து பொழிமுகம் வரை நடந்தே போனான். அங்கே திரும்பி நின்று, தான் போட்ட தாளத்தைப் போனில் ஓடவிட்டு, இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தான். ஐம்பது அடி போவதற்குள் விலாவில் கத்தி பாய்ந்தது. நூறு அடியில் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஆனாலும் நிற்கவில்லை. முதல் நாளே நின்றால் அசிங்கம்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கண்டது வேறு. ததேயுஸின் மகன், ஏணிப்படி ஏறவே இரைக்கிறவன், பொழிமுகத்துப் பக்கமிருந்து கையை வீசிக்கொண்டு, கண் பிதுங்க, வாயைப் பிளந்துகொண்டு ஓடி வருகிறான்.

"எலே மக்கா, என்னலே? யாருக்க வள்ளம்?" என்று ஒருவர் எழுந்து கத்தினார்.

காதில் செருகியிருந்ததால் பெனினுக்கு அது கேட்கவில்லை. ஏதோ கேட்கிறார் என்று மட்டும் புரிந்தது. பதில் சொல்ல மூச்சில்லை. ஒன்றுமில்லை என்று சொல்வதற்காகக் கையைப் பின்பக்கமாக உதறினான். அந்தக் கை நேரே பொழிமுகத்தைக் காட்டியது.

அவ்வளவுதான். கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. வீடுகளிலிருந்து பெண்கள் தலைமுடியை முடிந்தும் முடியாமலும் ஓடி வந்தார்கள். மீன் விற்கப் புறப்பட்டுக்கொண்டிருந்த வியாகுலம்மாள் தலைச்சுமட்டை அப்படியே போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவள் புருஷனைப் பொழிமுகம் கொண்டுபோய் பன்னிரண்டு வருஷம். வள்ளக்காரன் ஆன்ட்ரூஸும் இன்னும் மூன்று பேரும் ஒரு வள்ளத்தைத் தள்ளி, எஞ்சினைக் கிளப்பி, அலையில் இரண்டு தரம் தூக்கி அடிபட்டு வெளியே போனார்கள்.

பெனின் கோயில் முற்றம் வந்து, முட்டியில் கையூன்றி நின்று, காதிலிருந்ததைப் பிடுங்கினான். அப்போதுதான் மணிச்சத்தம் கேட்டது. சுற்றிலும் இருநூறு பேர்.

"சொல்லுலே! யாரு? எத்தனை பேரு?"

"ஒண்ணும்... ஒண்ணுமில்ல... சும்மா ஓடுதேன்."

"சும்மாவா?"

"ஒடம்பு... கொறைக்க."

எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். வியாகுலம்மாள் மணலிலிருந்து எழுந்து வந்து, தன் செருப்பைக் கழற்றி அவன் முதுகில் ஒன்று போட்டாள்.

"எனக்க நெஞ்சிடி இன்னும் நிக்கலலே, சவத்து மூதி! ஒனக்குக் கொழுப்பு கரைக்க வேற எடம் கிட்டலையா?"

அரை மணி நேரம் கழித்து ஆன்ட்ரூஸ் திரும்பி வந்தான். உப்புத் தண்ணீர் குடித்துக் கண் சிவந்திருந்தது. பெனினோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். எட்டாம் வகுப்பில் ஒருவன் கடலுக்கும் மற்றவன் பாட்டுக்கும் போனார்கள்.

"ஒடம்பு கொறையணும்னா நாளைக்கு வந்து வள்ளம் தள்ளு மக்கா," என்றான். "எனக்கும் ஒரு ஆளு லாபம்."

பெனின் உடம்பைக் குறைப்பதற்காக ஓடவில்லை. மூச்சுக்காக ஓடினான். அதைச் சொல்லியிருந்தால் இன்னொரு செருப்பு விழுந்திருக்கும்.

அவனுடைய வேலை மச்சில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நடந்தது. முன்பு வலை போட்டு வைத்திருந்த அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தான். ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மைக். அதில் தாளம் போடுவான். ஹிப்ஹாப். கல்யாண வீட்டு மைக்செட்டில் வேலை பார்த்துக் காது பழகியவன்; கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்துக் கை பழகியவன். நாளுக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் கரண்டு போகும் காலம் அது. நல்ல இடத்துக்கு வரும்போது யூ.பி.எஸ். கீச்கீச்சென்று கத்தும். மின்விசிறி நின்று தொங்கும். வியர்வையில் குளித்துக்கொண்டு, கரண்டு வரும்வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். இப்படி ஏழு வருஷம் உட்கார்ந்துதான் நூற்று நாலு கிலோ.

அந்த மார்ச்சில் 'ஏலம்' என்று ஒரு பாட்டுச் செய்தான். கரையில் மீன் ஏலம் போகிற சத்தத்தைப் போனில் பிடித்து, வெட்டி, அதையே தாளமாக்கினான். பாடுவதற்கு ஒரு பையனை வைத்திருந்தான். அவன் சவூதிக்குப் போய்விட்டான். சரி, நாமே பாடுவோம் என்று பீரோவுக்குள் போர்வையைத் தொங்கவிட்டு மைக்கை உள்ளே வைத்துப் பாடினான்.

சாளை சாளை சந்தைக்குப் போற சாளை
வாளை வாளை வலையக் கிழிச்ச வாளை
நாளை நாளை நாளைக்கும் இதே வேலை

இப்படி இருபத்துநாலு வரி. நடுவில் நிறுத்தம் கிடையாது. ஏலம் விடுகிறவன் நிறுத்த மாட்டான். நிறுத்தினால் விலை விழும். பாட்டின் உயிரே அதுதான். ஆனால் பெனினால் இரைக்காமல் இரண்டு வரிக்கு மேல் பாட முடியவில்லை. அதனால் பன்னிரண்டு துண்டாகப் பாடினான். கம்ப்யூட்டரில் துண்டுகளை ஒட்டி, இடையில் இரைத்த மூச்சையெல்லாம் நகம் வெட்டுவதுபோல் வெட்டி எறிந்தான். முடிந்து கேட்டபோது, மூச்சே விடாத ஒரு மிருகம் பாடுவதுபோல் இருந்தது. அவனுக்கே புல்லரித்தது.

இன்டர்நெட்டில் போட்டான். நான்கு மாதத்தில் பதினோராயிரம் பேர் கேட்டார்கள். 'ப்ரோ, மூச்சு விடாம எப்படி ப்ரோ?' என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். 'ப்ராக்டிஸ்' என்று பதில் போட்டான்.

அந்தப் பதில்தான் அவன் கழுத்தில் விழுந்தது. ஜூலை தொடக்கத்தில் திருவனந்தபுரத்திலிருந்து விபின் என்று ஒருவன் கூப்பிட்டான். அங்கே ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறவன். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு.

"ஆகஸ்ட் இருபத்துநாலு, சனியாழ்ச்ச. செலக்ஷன் வெச்சிருக்கு. ஜெயிக்கிற ஆளு ஒரு வருஷம் எங்க ஸ்டுடியோல தாளம் போடலாம், சம்பளம் உண்டு. ஒரே கண்டிஷன், பெனின். மைக்கில லைவா பாடணும். ட்ராக் மட்டும் நாங்க இடும். பதினொண்ணு மணிக்கு முன்னே இங்க வந்து எத்தணும்."

"வாறேன்," என்றான் பெனின்.

போனை வைத்துவிட்டு, நடுவில் நிறுத்தாமல் பாடிப் பார்த்தான். ஏழாவது வரியில் கண் இருட்டியது.

இன்னொரு பக்கம் அக்கா ரெஜிஷா நின்றாள். அவள் புருஷன் கத்தாரில் ஒரு குளிர்கிடங்கில் மேஸ்திரி. மைத்துனனுக்கு அங்கேயே வேலை சொல்லி வைத்திருந்தார். மைனஸ் பதினெட்டில் மீன் பெட்டி அடுக்குகிற வேலை.

"செப்டம்பர்ல விசா வரும்லே. பாஸ்போர்ட்டு காப்பிய எடுத்துக் குடு."

"இருபத்துநாலாம் தேதி கழியட்டும் அக்கா."

"அன்னைக்கு என்ன, மேகம் தொறந்து மாதா வருமா?"

"கிடைச்சா போக மாட்டேன். கிடைக்கலன்னா காப்பிய நானே கொண்டு தாறேன்."

அதோடு பேச்சு முடிந்தது. அவன் கையில் இருந்தது ஆறு வாரமும் ஒரு ஜோடி ஷூவும்.

கரை போயிற்று என்றதும் ரோட்டில் ஓடிப் பார்த்தான். மணவாளக்குறிச்சிக்குப் போகிற ரோடு. முதல் நாள் மூன்று நாய் விரட்டியது. இரண்டாம் நாள் மூன்று பைக் நின்றது.

"ஏறு மக்கா. எங்க இவ்வளவு அவசரமா?"

"இல்லண்ணே, ஓடுதேன்."

"அதான் காணுதே. நெய்யூர் ஆஸ்பத்திரியில யாரு கிடக்கா?"

"யாரும் கிடக்கல."

"பின்ன எதுக்குலே ஓடுத? ஏறு, ஏறு, வெக்கப்படாத."

ஏறாவிட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். ஒருவர் கூடவே மெதுவாக பைக்கை உருட்டிக்கொண்டு வந்து, தன் சர்க்கரை வியாதியைப் பற்றிக் கால் கிலோமீட்டர் தூரம் பேசினார். மூன்றாம் நாள் பெனின் களைத்துப்போய் ஏறியே விட்டான். ஓடப் போனவன் பைக்கில் திரும்பி வந்தான். அன்று மத்தியானம் கோபத்தில் இரண்டு தட்டுச் சோறு தின்றான்.

வேறு வழியில்லாமல் கரைக்குப் போய், மீன் வாங்க உட்கார்ந்திருந்த பெண்களிடம் கேட்டான்.

"மாமி, நான் காலையில ஒரு அரை மணிக்கூர் ஓடணும். ஒரு மாசந்தான்."

வியாகுலம்மாள் வெற்றிலையைத் துப்பினாள். "எதுக்கு? உள்ளதச் சொல்லு."

சொன்னான். திருவனந்தபுரம், பாட்டு, மூச்சு, எல்லாம். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பதா வேண்டாமா என்று வியாகுலம்மாளின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப ஒண்ணு செய்யி. பாடிக்கிட்டு ஓடு."

"என்னது?"

"சாவுச் சேதி கொண்டு வாறவன் பாட மாட்டாம்லா. ஒனக்க பாட்டு கேட்டா, ஓ, இது ததேயுஸுக்க மவன்னு நாங்க கிடப்போம். பாட்டு நின்னா நீ நடக்கணும். பாடாம ஓடுன, செருப்பில்ல, தொறப்பைதான்."

"ஓடவே மூச்சில்ல மாமி. பாடிக்கிட்டு எப்பிடி ஓடுவேன்?"

"அது ஒனக்க பாடு."

அந்த ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும்போது, அன்பியக் கூட்டம், மறைக்கல்வித் தேர்வு, கல்யாண ஓலை எல்லாவற்றுக்கும் பிறகு பங்குத்தந்தை ஒரு துண்டுச்சீட்டை எடுத்தார். "நம் பங்கைச் சார்ந்த பெனின் நாளை முதல் காலையில் உடற்பயிற்சிக்காகக் கடற்கரையில் பாடிக்கொண்டு ஓடுவார். இறைமக்கள் அச்சப்பட வேண்டாம்." ஆண்கள் பக்கம் முதலில் ஒரு செருமல் கேட்டது. பிறகு கோயில் முழுக்கச் சிரித்தது. பெனின் முழந்தாளில் இருந்தபடி தரையிலிருந்த ஓடுகளை எண்ணினான்.

முதல் நாள் மூன்று வரி. மூன்றாவது வரியில் 'நாளை' வராமல் காற்று மட்டும் வந்தது. நடந்தான். மூச்சு வந்ததும் மறுபடி ஓடினான், பாடினான், நின்றான், நடந்தான். ஷூவுக்குள் கருமணல் புகுந்து பாதம் தோலுரிந்தது. மறுநாள் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலில் ஓடினான். தொடை இரண்டும் உரசி, உப்புக்காற்றில் எரிந்து, வீட்டில் காலை அகற்றி வைத்துக்கொண்டே நடந்தான். இரண்டு வாரத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்தது. அக்கா ஒரு நாள் ரச வடை சுட்டாள், அது திரும்பி வந்தது.

கரைக்காரர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. அவன் பாடுகிற வரியை எண்ணி அவர்கள் ஏலம் விட ஆரம்பித்தார்கள்.

"அஞ்சு... அஞ்சு... ஆறு உண்டா?"

"ஆறு!"

"ஆறு ஒரு தரம்... எலே, ஆளு நடக்கான். ஆறுக்கே போச்சு!"

அவன் சொந்த ஏலப்பாட்டு, அவனையே ஏலம் போட்டது. ஓடும்போது திட்ட முடியாது. திட்டினால் அடுத்த வரிக்கு மூச்சு காணாது. வாயை மூடிக்கொண்டு நடக்கும்போது, கம்ப்யூட்டரில் தான் வெட்டி எறிந்த மூச்சுகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்.

இதற்கு நடுவில் வியாகுலம்மாள் வரிகளில் குற்றம் கண்டுபிடித்தாள்.

"வாளை எங்கலே வலையக் கிழிக்கும்? வாளை கடிக்கும். கிழிக்கது நண்டு."

"நண்டு போட்டா தாளம் வராது மாமி."

"தாளம் வராதுன்னு பொய் சொல்லுவியா?"

அவள் சொன்னது சரிதான் என்பதுதான் அதிக எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்ட் நடுவில் பன்னிரண்டு வரி. அடுத்த வாரம் பதினாறு. இருபத்துமூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, பொழிமுகத்திலிருந்து கோயில் கொடிமரம்வரை நிற்காமல் வந்து பத்தொன்பதாவது வரியில் விழுந்தான். ஐந்து வரி பாக்கி. ஆனால் மேடையில் ஓட வேண்டாமே, நின்று பாடினால் போதுமே என்று மனசுக்குள் கணக்குப் போட்டான். நின்று பாடினால் இருபத்துநாலும் வரும். வந்தே தீரும். அன்று முதல் தடவையாக ஏலக்காரர்கள் கை தட்டினார்கள். "நாளைக்கு எத்தன மணிக்கு வண்டி?" என்று ஆன்ட்ரூஸ் கேட்டான். "ஏழரை," என்றான் பெனின். "போயிட்டு வாலே. ஜெயிச்சா எனக்கொரு தொப்பி வாங்கிட்டு வா, அந்தப் பாட்டுக்காரனுவ தலைகீழா வைப்பாம்லா, அது."

சனிக்கிழமை காலை. சட்டை தேய்த்து நாற்காலியில் தொங்கியது. பாட்டில்லாத தாளம் மட்டும் பென்டிரைவில் ஏற்றிப் பையில் கிடந்தது. இரவெல்லாம் கரண்டு இல்லாததால் போன் அப்போதுதான் சார்ஜில் ஏறிக்கொண்டிருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு, தொண்டையைத் திறக்க ஒரே ஒரு தடவை ஓடிவிட்டு வருவோம் என்று கரைக்குப் போனான்.

பொழிமுகத்தில் ஒரு ஆளும் இல்லை. கடல் கலங்கி, தவிட்டு நிறத்தில் கிடந்தது. திரும்பி ஓட ஆரம்பித்தான். சாளை சாளை. வாளை வாளை. நாளை நாளை. நாலாவது வரியின் பாதியில் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் மாறியது.

வேறு யாருக்கும் அது பெரிதாகக் கேட்டிருக்காது. பெனினுக்குக் கேட்டது. தண்ணீரைக் குடைகிற எஞ்சினின் குரல் அடித்தொண்டைக் குரல். தண்ணீரை விட்டு வெளியே வந்த எஞ்சின் கீச்சுக்குரலில் அலறும். அலறல் இரண்டு நொடி கேட்டது. பிறகு கத்தரித்ததுபோல் நின்றது. திரும்பிப் பார்த்தான். அலைக்கு நடுவில் வள்ளத்தின் வெள்ளை வயிறு தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு தலை. வள்ளத்தில் நாலு பேர் போவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

இறங்கினால் தானும் சாவான் என்பதும் தெரியும். ஓடினான்.

இப்படி அவன் ஒருநாளும் ஓடியதில்லை. மணல் காலைப் பிடித்து இழுத்தது. பிடுங்கிப் பிடுங்கிப் போட்டான். முதல் வள்ளங்கள் நிற்கிற இடத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். சிரித்தார்கள்.

"என்னலே, இன்னைக்கு நாலுக்கே தீந்துட்டா? நாலு... நாலு... அஞ்சு உண்டா?"

கத்த வாயைத் திறந்தான். 'கவுந்துட்டு' என்ற ஒரு சொல். அது நெஞ்சிலிருந்து கிளம்பவில்லை; காற்று மட்டும் சீறியது. கையைப் பின்னால் உதறிக் காட்டினான்.

"ஒண்ணுமில்லையாம்!" என்று ஒருவன் சொல்ல, மறுபடி சிரித்தார்கள்.

அவர்களைக் கடந்து ஓடினான். நின்று மூச்சு வாங்கிச் சொல்லலாம் என்று தோன்றவில்லை. நின்றால் விழுவான், விழுந்தால் எழ மாட்டான் என்றுதான் தோன்றியது. வண்டி, திருவனந்தபுரம், தேய்த்த சட்டை எதுவும் மனசில் இல்லை. பிறகு யோசித்துப் பார்த்தபோது அதுவும் அவனுக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது.

மீன் வாங்கும் பெண்கள் இருந்த இடத்தை நெருங்கும்போது வியாகுலம்மாள் எழுந்து நின்றாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, சிரிக்காதீங்க."

"என்ன மயினி?"

"பாட்டு நின்னா அவன் நடப்பான். இன்னைக்குப் பாட்டு நின்னுட்டு, ஆளு நிக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த நொடி அவளுடைய தொண்டையிலிருந்து வந்த சத்தம் கோயில்வரை போனது. "பொழியிலலே! வள்ளம் எறக்குங்க! பொழியில!"

இரண்டு வள்ளம் இறங்கியது. பெனின் அதிலொன்றின் பக்கவாட்டைப் பிடித்து, தள்ளுகிறானா தொங்குகிறானா என்று தெரியாமல் கூடவே முழங்கால் தண்ணீர்வரை போய், அங்கேயே வாந்தி எடுத்தான். அப்போதுதான் மணி அடித்தது.

கவிழ்ந்தது ஆன்ட்ரூஸின் வள்ளம். மூன்று பேரை நல்லபடி தூக்கினார்கள். ஆன்ட்ரூஸ் வலைக்குள் கால் மாட்டி அடியில் கிடந்தான். வலையை அறுத்து எடுத்தபோது உதடு நீலமாக இருந்தது. கரையில் குப்புறப் போட்டு அமுக்கினார்கள். தண்ணீர் வந்தது, பிறகு ஒரு இருமல் வந்தது. மீன் வண்டி ஒன்றைப் பிடித்து நெய்யூருக்குக் கொண்டுபோனார்கள். வண்டியின் பின்னால் அவனைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள அகலமான ஆள் வேண்டியிருந்தது. "பெனினு, நீ ஏறு." ஏறினான். முப்பது நிமிஷம், ஆன்ட்ரூஸின் முதுகு தன் நெஞ்சில் ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே போனான். இரண்டு தடவை எண்ணிக்கை தப்பியது. அந்த இரண்டு தடவையும் அவனை அறைந்தான்.

"ஆளு பிழைச்சுக்குவாரு," என்று டாக்டர் சொன்னபோது சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது ஐம்பது. பெனின் அரைக்கால் சட்டையோடு, வெறுங்காலோடு, உப்புக் காய்ந்த உடம்போடு வராந்தாவில் நின்றிருந்தான். விபினின் நம்பர் போனில் இருந்தது. போன் வீட்டில் இருந்தது. பையில் ஐந்து பைசா கிடையாது. ஆன்ட்ரூஸின் வீட்டார் வந்து சேர்ந்து, அவர்களைச் சமாதானப்படுத்தி, ஒரு பைக்கில் ஏறி வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் இரண்டு மணி.

போனில் ஆறு தவறிய அழைப்பு. கூப்பிட்டான்.

"பெனின்! எவிடே ஆயிருந்நு? பன்னிரண்டு மணி வரைக்கும் பாத்தோம். இப்போ லிஸ்ட் அடச்சாச்சு."

நடந்ததைச் சொன்னான்.

"அய்யோ, கஷ்டம். ஆனா செலக்ட் ஆன ஆளிட்ட எப்படி மாத்தி சொல்லும்? அடுத்த வருஷம் பாக்காம்." நல்ல மனசோடுதான் விபின் அதையும் சொன்னான். "சத்தியம் சொன்னா, ரெண்டு பேருதான் லைவா பாடியது. பாக்கி எல்லாரும் ட்ராக்கில வாய் அசைச்சாங்க. ஜெயிச்ச ஆளும் அதுதான். ஜட்ஜ் ஒண்ணும் சொல்லல."

பெனின் போனை வைத்தான். நாற்காலியில் சட்டை மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

கோபப்படக்கூட வழியில்லை என்பதுதான் மிச்சம். யாரைக் கோபிப்பது? கடலையா, பிழைத்துக்கொண்ட ஆன்ட்ரூஸையா? ஞாயிறு பூசையில் பங்குத்தந்தை வள்ளம் இறக்கியவர்களுக்கு நன்றி சொன்னார். மணி அடித்தவருக்கு நன்றி சொன்னார். மீன் வண்டிக்காரருக்கும் சொன்னார். ஓடியவனைச் சொல்ல மறந்துபோனார். வீட்டில் அக்கா இலையைப் போட்டுக்கொண்டே, "ஒரு உயிரக் காப்பாத்தியிருக்க. அதுக்க மேல என்னலே வேணும் ஒனக்கு?" என்றாள்.

"ஒண்ணும் வேண்டாம்," என்றான். அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும் என்று சொன்னால் அவள் முகத்தில் என்ன வரும் என்று தெரியும். பாஸ்போர்ட் காப்பியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுச் சோற்றில் கை வைத்தான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஆன்ட்ரூஸ் கட்டிலில் சாய்ந்திருந்தான். தொண்டை கரகரத்தது.

"நாலாவது வரியிலயே நிறுத்திட்டியாமே. இருவத்துநாலையும் கேக்கலாம்னுதானே வந்தேன்."

"பேசாத. நெஞ்சு வலிக்கும்."

"லே, நேத்து திருவனந்தபுரத்துக்குப் போகணும்னியே. போனியா?"

"போகல."

"ஏன்?"

பெனின் அவனையே பார்த்தான். வண்டியில் தன்னைப் பிடித்துக்கொண்டு வந்தது யாரென்று உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறான்.

"மழை," என்றான்.

ஆன்ட்ரூஸ் ஜன்னலைப் பார்த்தான். ஒரு வாரமாக மழை இல்லை.

திங்கட்கிழமை ஓடக்கூடாது என்றுதான் படுத்தான். ஓடுவதற்கு இனி என்ன இருக்கிறது? ஆனால் ஐந்தரைக்குக் கண் விழித்துக்கொண்டது, கால் சும்மா கிடக்கவில்லை. சனியன் பிடித்த கால். எழுந்து பொழிமுகத்துக்குப் போனான். சனிக்கிழமை வள்ளம் கவிழ்ந்த இடம் ஒன்றும் தெரியாததுபோல் கிடந்தது. இன்றைக்குப் பாட மாட்டேன் என்று தீர்மானித்தான். ஒரு வரி பாட மாட்டேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

இருபது அடி போனான். தூரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்தார். பக்கத்திலிருந்தவரும் எழுந்தார். வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக, கையிலிருந்ததைப் போட்டுவிட்டு நின்றார்கள். ஒரு பெண் இடுப்பில் கொசுவத்தைச் செருகினாள். ஒருவர் கோயில் பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

"மயிரு," என்று முனகினான் பெனின். பிறகு பாடினான்.

பாடினான் என்பதைவிடக் கக்கினான் என்று சொல்லலாம். சாளையைக் கக்கினான், வாளையைக் கக்கினான். விபினை, வாயசைத்து ஜெயித்தவனை, மைனஸ் பதினெட்டை, எல்லாவற்றையும் வரி வரியாகத் துப்பினான். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். யாரும் ஏலம் விடவில்லை. வரி எத்தனை என்று அவனும் எண்ணவில்லை. மீன் வாங்கும் பெண்களுக்குப் பக்கத்தில் வந்தபோது வாயில் மறுபடி சாளை வந்தது. முதல் வரி. அப்படியென்றால் இருபத்துநாலும் முடிந்திருக்கிறது. எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. கொடிமரம் இன்னும் தூரத்தில் இருந்தது.

இரண்டு நாள் பிந்தி.

வியாகுலம்மாள் தலையைத் தூக்கினாள்.

"எலே, அந்த வாளைய இன்னும் மாத்தலியா நீ?"

"நண்டு போட்டா தாளம் வராதுன்னு எத்தன தடவ சொல்லணும் மாமி ஒங்களுக்கு!" என்று ஓடிக்கொண்டே கத்தினான். முழு வாக்கியம், ஒரே மூச்சில், அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. கத்திவிட்டு, நிற்காமல், இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டான்.